குடியிருப்புத் தெருக்களில் 30 கி.மீ. வரம்பு: உயிர் காக்குமா, வெறும் பலகையா?

மெதுநடை (இழையைத் தொடங்கியவர்)

குடியிருப்புத் தெருக்களிலும் நகரத்தின் உட்தெருக்களிலும் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டராக இருப்பதை 30 ஆகக் குறைக்க வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்களை வம்புக்கு இழுக்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன். தயங்காமல் வாருங்கள்.

50-இல் போகும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் போகிறது. 30-இல் போவது 8 மீட்டரைச் சற்றுத் தாண்டுகிறது. ஓரமாக நிற்கும் வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கில் பதிவதற்கு விழிப்பான ஓட்டுநருக்கே ஒரு நொடி பிடிக்கும். உலர்ந்த சாலை, நல்ல டயர் என்றால் 30-இல் வந்தவர் 13 மீட்டர் சொச்சத்தில் வண்டியை நிறுத்திவிடுவார். 50-இல் வந்தவர் அதே 13 மீட்டரில் பிரேக்கைத் தொட்டிருக்கவே மாட்டார். ஒருவர் முழுதாக நின்றுவிட்ட இடத்தை மற்றவர் இம்மியும் வேகம் குறையாமல் கடக்கிறார். குழந்தை நிற்பது அந்த இடத்தில்தான்.

மோதும் வேகத்தை விழும் உயரமாக மாற்றிப் பார்த்தால் இன்னும் உறைக்கும். 30-இல் மோதுவது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 50-இல் மோதுவது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து. முதலாவதில் எலும்பு முறியலாம். இரண்டாவதில் என்ன ஆகும் என்று எழுத விருப்பமில்லை.

---

நான்காம்கியர்

பந்து, குழந்தை, வேன். இந்த மூன்றும் இல்லாமல் வேக வரம்பைப் பற்றி யாராலும் பேச முடியாதா ஐயா?

நான் 22 ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறேன். ஒருவரையும் இடித்ததில்லை. நெரிசல் நேரத்தில் உட்தெருவில் 20-ஐத் தாண்டவே முடியாது, அப்போது உங்கள் பலகைக்கு வேலை இல்லை. நள்ளிரவில் தெரு காலியாகக் கிடக்கும், அப்போதும் அந்தப் பலகை எதற்கு? இரண்டுக்கும் நடுவில் எஞ்சும் கொஞ்ச நேரத்துக்காக எல்லோரையும் ஆமையாக்கப் பார்க்கிறீர்கள். பறப்பவன் பலகையைப் படிக்கப் போவதில்லை. ஒழுங்காகப் போகிறவன் மட்டும் ஸ்பீடோமீட்டரைப் பார்த்துக்கொண்டே, சாலையைப் பார்க்காமல் ஓட்டுவான். அது பாதுகாப்பா?

இன்னொன்று, 30-இல் போனால் கீழ் கியரில் போக வேண்டும். எரிபொருளும் புகையும் கூடும். இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள்.

---

கணக்குப்பிள்ளை

தாமதத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிலோமீட்டரை 50-இல் கடக்க 72 நொடி. 30-இல் 120 நொடி. வேறுபாடு 48 நொடி. நான்காம்கியர் அவர்கள் வீட்டிலிருந்து பெரிய சாலைக்கு வர எவ்வளவு தூரம் இருக்கும்? அரைக் கிலோமீட்டர்? அப்படியானால் நாம் இங்கே 24 நொடிக்காகச் சண்டை போடுகிறோம். வழியில் ஒரு முனையில் நின்று எதிர்வண்டிக்கு வழிவிட்டாலே அந்த 24 நொடி போய்விடும்.

புகை விஷயம்: ஒரே சீரான வேகத்தில் போனால் 30-ஐவிட 60, 70-இல் எரிபொருள் மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் உட்தெருவில் யார் சீராகப் போகிறார்கள்? ஓங்கி மிதிப்பது, பிரேக் அடிப்பது, மறுபடி ஓங்கி மிதிப்பது என்றுதானே ஓட்டம். நின்ற வண்டியை 50-க்குக் கொண்டுவரத் தேவைப்படும் ஆற்றல், 30-க்குக் கொண்டுவருவதைப்போல ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. அத்தனையையும் அடுத்த முனையில் பிரேக்கில் சூடாக்கித் தொலைக்கிறோம்.

---

பழையசக்கரம்

வேக வரம்புச் சண்டை காரைவிடப் பழையது. 1865-இல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. தானாக ஓடும் வண்டிகள் ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும். நான்காம்கியர் அவர்களுக்கு இதைப் படிக்கும்போதே நெஞ்சு அடைக்கும். 1896-இல் அதைத் தளர்த்தி 14 மைலாக்கினார்கள்.

சுவையான பகுதி அதற்குப் பிறகுதான். 1930-இல் அதே நாடு கார்களுக்கான வேக வரம்பையே எடுத்துவிட்டது. யாரும் மதிப்பதில்லை, மதிக்காத சட்டம் எதற்கு என்பது அன்றைய வாதங்களில் ஒன்று. (எங்கோ கேட்டதுபோல இருக்கிறதா?) 1934-இல் மட்டும் அங்கே சாலைகளில் இறந்தவர்கள் 7,000-க்கும் மேல். அன்றைக்கு ஓடிய வண்டிகள் இன்றைய எண்ணிக்கையில் ஒரு சிறு பங்குதான் என்பதை நினைவில் வையுங்கள். 1935 மார்ச்சில், குடியிருப்புகள் உள்ள பகுதிகளுக்கு 30 மைல் வரம்பைக் கொண்டுவந்தார்கள். கார்களுக்கான வரம்பை முழுதாக நீக்கிப் பார்த்து, ஐந்தே ஆண்டில் ஊருக்குள் மறுபடி அதைத் தேடிப் போனார்கள்.

---

சாலைக்கோடு

சாலை வடிவமைப்பில் வேலை செய்கிறேன். இரு தரப்பும் என்மேல் கோபப்படும்படி எழுதப்போகிறேன்.

மெதுநடை, உங்கள் இயற்பியல் சரி. ஆனால் வண்டியின் வேகத்தைப் பலகை மட்டும் தீர்மானிப்பதில்லை. அகலமாக, நேராக, இரு பக்கமும் வெறிச்சென்று கிடக்கும் தெருவில் 30 என்று எழுதி வைத்தால், தெரு ஒன்று சொல்கிறது, பலகை வேறொன்று சொல்கிறது. ஓட்டுநரின் கால் தெருவின் பேச்சைத்தான் கேட்கும். 2016-இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரின் மையத்தில் 76 தெருக்களில் 20 மைல் வரம்பு, அதாவது நம் கணக்கில் 32 கிலோமீட்டர், கொண்டுவந்தார்கள். 2022-இல் வெளியான ஆய்வு, விபத்துகளிலும் சராசரி வேகத்திலும் பெரிய மாற்றம் இல்லை என்றது. தெருவின் உருவத்தை மாற்றாமல், கண்காணிப்பைக் கூட்டாமல், வெறும் பலகையை நட்டால் இதுதான் கிடைக்கும்.

நான்காம்கியர், உடனே கைதட்டாதீர்கள். உங்கள் தரப்பு நெடுங்காலமாகப் பிடித்துத் தொங்கும் விதி ஒன்று எங்கள் துறையில் உண்டு. தடையில்லாத நேரத்தில் நூற்றில் 85 பேர் எந்த வேகத்துக்குள் ஓட்டுகிறார்களோ, அதையே வரம்பாக வைப்பது. ஊர்களுக்கு நடுவே ஓடும் நெடுஞ்சாலைகளுக்கு அதில் ஓரளவு பொருள் இருக்கலாம். வீட்டு வாசலுக்கு அந்த விதியைக் கொண்டுவந்தால், வண்டிக்குள் இருப்பவர்கள் மட்டும் வாக்களிக்கிறார்கள், நடப்பவருக்கு வாக்கே இல்லை. வேகமாகப் போகிறார்கள் என்று வரம்பைக் கூட்டுவோம், கூட்டியதால் இன்னும் வேகமாகப் போவார்கள், அதையும் அளப்போம்.

எது வேலை செய்கிறது? தெருமுனையின் வளைவை இறுக்கினால் வண்டி திரும்பும்போது தானாகக் குறையும். வண்டிப்பாதையைக் குறுக்கலாம். நடைபாதையை முனையில் வெளியே நீட்டினால் கடப்பவரும் ஓட்டுநரும் ஒருவரையொருவர் முன்பே பார்க்கலாம், கடக்கும் தூரமும் சுருங்கும். இருபுறமும் மரம் இருந்தால் கண்ணுக்குத் தெரு குறுகித் தெரியும். நெதர்லாந்தில் 1970-களிலேயே வீட்டுத் தெருக்களில் இதைச் செய்து, நடப்பவர்களும் விளையாடும் குழந்தைகளும் தெருவின் முழு அகலத்தையும் பயன்படுத்தலாம் என்று 1976-இல் சட்டமும் போட்டார்கள். அந்தத் தெருக்களில் வேகமாகப் போக ஓட்டுநருக்கே கூச்சமாக இருக்கும்.

---

இரவுப்பணி

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். தெருவின் உருவத்தை மாற்ற வேண்டும் என்றதும் பலர் நினைப்பது வேகத்தடையை. அதைப் பற்றி ஒரு வார்த்தை.

முதுகெலும்பு உடைந்த நோயாளியைப் பின்னால் வைத்துக்கொண்டு வேகத்தடை ஏறியிருக்கிறீர்களா? ஒவ்வொன்றிலும் அவர் கத்துவது கேட்கும். நடந்து போகும் வேகத்துக்குக் குறைத்தாலும் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சை அமுக்கிக்கொண்டிருக்கும் என் சக ஊழியர், தடைக்குத் தடை கையை எடுத்துக் கம்பியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

வரம்பு 30 ஆவதில் எனக்குச் சண்டை இல்லை. அவசர வண்டிகளுக்குப் பல நாடுகளில் விலக்கு உண்டு. வண்டிகள் மெதுவாகப் போகும் தெருவில் எனக்கு வழிவிடுவதும் எளிது. ஆனால் வரம்பு வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு வேகத்தடையைக் கொடுத்து வாயை அடைத்துவிடுகிறார்கள். அதுவும் வண்ணம் பூசாமல், விளக்கில்லாத இடத்தில், ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக. அதில் தடுமாறி விழுந்த இரு சக்கர வண்டிக்காரர்களைத் தூக்கவும் என்னைத்தான் அழைக்கிறார்கள்.

---

மெதுநடை

இரவுப்பணி அவர்களே, இதை நான் யோசிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேகத்தடை இல்லாமல் எப்படி என்று சாலைக்கோடு அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

---

சாலைக்கோடு

எல்லாத் தடையும் ஒன்றல்ல. தெருவின் முழு அகலத்துக்கும் போடாமல் நடுவில் மெத்தைபோலத் துண்டு துண்டாக வைப்பது உண்டு. பஸ், ஆம்புலன்ஸ் போன்ற அகலமான வண்டிகளின் சக்கரங்கள் அதன் இரு பக்கமும் இறங்கிப் போய்விடும். சிறிய கார் ஒரு சக்கரத்தையாவது ஏற்றியே தீர வேண்டும். நல்ல வேகத்தடை என்பதும் செங்குத்தான மேடு அல்ல. பிரிட்டனில் 1970-களில் சோதித்து வகுத்த வடிவம் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு 3.7 மீட்டர் நீளம் கொண்டது. உரிய வேகத்தில் ஏறினால் அலையில் படகு ஏறி இறங்குவதுபோல இருக்கும். நீங்கள் சொல்கிற திடீர் மேடு எந்தக் கையேட்டிலும் இல்லை. யாரோ ஒரு குவியல் தாரைக் கொட்டி உருட்டிவிட்டுப் போனது அது.

---

பொதிசுமப்பவன்

வீட்டுக்கு வீடு பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. வேகமாகப் போகிறவர்கள் என்று நீங்கள் எல்லோரும் மனத்தில் வைத்திருக்கும் ஆள் நான்தான்.

வேக வரம்பை எனக்குப் போடுகிறீர்கள். நேர வரம்பை நிறுவனம் போடுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் மதிக்க முடியாது. பிந்தினால் எனக்கு மதிப்பெண் குறையும், பிடிபட்டால் அபராதமும் எனக்கே. வரம்பு வரட்டும், வரவேற்கிறேன். சாலையில் விழுந்தால் முதலில் உடைவது என் கால்தான். ஆனால் அந்த வேகத்தில் போனால் எத்தனை வீடு முடிக்க முடியும் என்று கணக்கிட்டு வேலை கொடுக்கும்படி நிறுவனத்துக்கும் ஒரு விதி வேண்டும். கதவைத் திறந்ததும் "ஏன் இவ்வளவு நேரம்" என்று கேட்பவர்களில் இந்த இழையில் எழுதுகிறவர்களும் இருப்பீர்கள்.

---

நான்காம்கியர்

பொதிசுமப்பவன் தம்பி சொல்வது நியாயம். சாலைக்கோடு சொன்ன பெல்ஃபாஸ்ட் செய்தியும் என் பக்கம்தான் நிற்கிறது, நீங்கள் எப்படிச் சுற்றி வளைத்தாலும்.

பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸ் என்ன ஆயிற்று? 2023 செப்டம்பரில் நாடு முழுவதும் குடியிருப்புப் பகுதிகளுக்கு 20 மைல் என்று ஒரே நாளில் மாற்றினார்கள். எதிர்த்து வேல்ஸ் நாடாளுமன்றத்துக்குப் போன மனுவில் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள். அந்த நாட்டின் மக்கள்தொகையே முப்பது லட்சம் சொச்சம்தான். மக்கள் வேண்டாம் என்பதை அதிகாரிகள் திணித்தால் இதுதான் நடக்கும்.

---

கணக்குப்பிள்ளை

மனுவைச் சொன்னவர், அதற்குப் பின் நடந்ததையும் சொல்லியிருக்கலாம். 20, 30 மைல் சாலைகளில் காயமடைந்தோர் எண்ணிக்கை அங்கே குறைந்தது. அரசு சட்டத்தை விலக்கிக்கொள்ளவில்லை. எந்தச் சாலைகளை 30 மைலுக்குத் திருப்பலாம் என்று உள்ளாட்சிகள் முடிவு செய்ய 2024-இல் வழிகாட்டுதலைத் தளர்த்தியது. கோபத்தில் பாதிக்குக் காரணம், ஊருக்கு நடுவே போகும் முக்கியச் சாலைகளும் அதே வலையில் சிக்கியதுதான் என்பது என் எண்ணம்.

ஸ்பெயின் இதைக் கொஞ்சம் நிதானமாகச் செய்தது. 2021 மே மாதம் முதல் அங்கே மூன்று படி. நடைபாதையும் வண்டிப்பாதையும் ஒரே மட்டத்தில் உள்ள தெருவுக்கு 20. திசைக்கு ஒரே தடம் உள்ள தெருவுக்கு 30. இரண்டு தடமோ அதற்கு மேலோ இருந்தால் 50. தெருவைப் பார்த்தாலே வரம்பு தெரியும், பலகையைத் தேட வேண்டியதில்லை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் இன்னும் முன்னோடி. 1992-லேயே முதன்மைச் சாலைகள் நீங்கலாக நகரம் முழுவதும் 30 என்று வைத்தது.

பின்லாந்தின் ஹெல்சின்கியையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை முதல் 2025 ஜூலை வரை, ஓர் ஆண்டு முழுக்க, அந்த நகரத்தின் சாலைகளில் ஒருவர்கூட விபத்தில் இறக்கவில்லை. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் தலைநகரம். அதன் தெருக்களில் பாதிக்கு மேல் 30 வரம்பில் இருக்கின்றன.

---

நான்காம்கியர்

ஹெல்சின்கியில் கேமராவும் இருக்கிறது, நல்ல பஸ்ஸும் டிராமும் இருக்கின்றன. எல்லாவற்றையும் 30 கணக்கில் எழுதிவிட்டீர்கள்.

---

கணக்குப்பிள்ளை

அது உண்மை. 30 மட்டும் செய்ததென்று நானும் சொல்லவில்லை. இதெல்லாம் சேர்ந்த கூட்டு வேலை, அதில் 30-ஐ உருவிவிட்டால் மற்றவை தனியாகத் தாங்குமா என்பதுதான் கேள்வி.

---

செவிவழி

இத்தனை பேர் எழுதிவிட்டீர்கள், எல்லோரும் வண்டியைக் கண்ணால் பார்க்கிறவர்கள். எனக்குப் பார்வை இல்லை. தெருவைக் காதால் கடக்கிறேன்.

என் முறை இதுதான்: நிற்பேன், கேட்பேன், ஒலி எதுவும் நெருங்கவில்லை என்றால் இறங்குவேன். நான் கேட்கத் தொடங்கும் தொலைவிலிருந்து வண்டி என்னிடம் வந்து சேர எத்தனை நொடி ஆகிறதோ, அதுதான் என் கையிருப்பு. 50-இல் வருகிற வண்டி, நான் பாதித் தெருவில் இருக்கும்போதே வந்துவிடுகிறது. பாதித் தெருவில் நிற்பவருக்கு முன்னே போவதா பின்னே வருவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஓட்டுநரும் அதே நேரத்தில் வலமா இடமா என்று முடிவெடுக்கிறார். இருவரும் ஒரே பக்கம் முடிவெடுத்தால் கதை முடிந்தது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு, அதை மறைத்தால் நான் நேர்மையில்லாதவள் ஆவேன். மெதுவாகப் போகும் வண்டி ஒலியும் குறைவு. 50-லிருந்து 30-க்கு இறங்கினால் சுமார் 3 டெசிபல் குறையும் என்கிறார்கள். ஓடும் வண்டிகளில் பாதியை எடுத்துவிட்டதற்குச் சமம். ஜன்னலோரம் தூங்குகிறவருக்கு அது வரம். எனக்கு அது எச்சரிக்கை குறைவது. மின்சார வண்டி என்றால் இன்னும் மோசம். ஐரோப்பாவில் புதிய மின்சார வண்டிகள் 20 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது, அதற்கு மேல் டயரின் ஓசையே கேட்கும் என்ற கணக்கில். மழைக்குப் பிந்தைய தெருவில் டயர் ஓசை நன்றாகவே கேட்கும். காற்றடிக்கும் மாலையில் அந்தக் கணக்கு எடுபடாது.

இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தால், ஒலி குறைந்தாலும் நேரம் கூடுவதையே கேட்பேன். நான் தவறாகக் கணித்தாலும் எதிரே வருபவர் நிறுத்த முடியும் அல்லவா? இப்போது தவறு செய்யும் உரிமை வண்டியில் இருப்பவருக்கு மட்டும்தான் இருக்கிறது.

---

மெதுநடை

அக்கா, இழையைத் தொடங்கியபோது நான் சொல்ல நினைத்து எழுத வராமல் போனது உங்கள் கடைசி வரிதான்.

---

நான்காம்கியர்

செவிவழி அம்மா எழுதியதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். எங்கள் தெருவில் யாரும் அப்படி 50-இல் போவதாக எனக்குத் தோன்றவில்லை. நானே 30, 35-இல்தான் போகிறேன். இல்லாத நோய்க்கு மருந்து எதற்கு?

---

சாலைக்கோடு

தோன்றுவதை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். ரேடார் கருவி தேவையில்லை. தெருவோரம் 25 மீட்டர் இடைவெளியில் இரண்டு அடையாளங்களைப் பிடியுங்கள். இரண்டு விளக்குக் கம்பங்கள் பொருந்தினால் நல்லது, இல்லையென்றால் சுண்ணாம்புக் கோடு போதும். செல்பேசியில் காணொளி எடுங்கள். ஒரு வண்டி 25 மீட்டரை 3 நொடியில் கடந்தால் அது சரியாக 30. 1.8 நொடியில் கடந்தால் 50. கோட்டுக்கு நேரே நின்று எடுக்காமல் கொஞ்சம் தள்ளி, இரண்டும் படத்துக்குள் தெரியும்படி எடுங்கள். கடிகாரத்தைத் தட்டாதீர்கள், விரல் பொய் சொல்லும். காணொளியின் படச்சட்டங்களை எண்ணுங்கள்.

---

நான்காம்கியர்

ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன். முடிவு எதுவானாலும் இங்கே எழுதுவேன்.

---

மட்டுறுத்துநர்

இடையில் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஓட்டுநர்களைக் கொலைகாரர்கள் என்பதும், நடப்பவர்களைச் செல்பேசி பார்க்கும் மந்தை என்பதும் விவாதத்தில் சேராது.

---

நான்காம்கியர்

அளந்துவிட்டேன். கோடு போட்டது நான், காணொளி எடுத்தது என் மகள்.

காலை முழுக்க நின்றதில் 30-க்குள் போனவர்கள் சிலரே: மிதிவண்டிக்காரர்கள், குப்பை வண்டி, ஓட்டப் பழகும் ஒரு பெண். மற்றவர்கள் எல்லோரும் மேலே. நான் மெதுவாகப் போகிறார் என்று சத்தியம் செய்திருக்கக்கூடிய பக்கத்து வீட்டுக்காரரும் மேலே. வெளியே நின்று பார்க்கும்போது 45 என்பது எவ்வளவு வேகமாகத் தெரிகிறது! உள்ளே உட்கார்ந்தால் அது ஒன்றுமே இல்லை.

மதியம் நான் கடைக்குப் போகப் புறப்பட்டபோது மகள் சொல்லாமல் என்னையும் எடுத்திருக்கிறாள். நொடிக்கு 30 படச்சட்டம், முதல் கோட்டிலிருந்து இரண்டாம் கோட்டுக்கு 60 படச்சட்டம். மூன்று முறை எண்ணினேன்.

அவள் கோணம் சரியாக இல்லை, முதல் கோடு பாதி மறைந்திருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். வரும் ஞாயிறு மறுபடி எடுக்கலாம் என்கிறாள். சாலைக்கோடு, கேமரா எத்தனை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்?

---

சாலைக்கோடு

கோடுகளுக்கு நடுவே இருந்து, தெருவுக்குக் குறுக்காக 20 மீட்டராவது பின்னால். இடமில்லை என்றால் மாடியிலிருந்து எடுங்கள். ஆனால் இந்த முறை எடுக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும், அந்த அளவை நான் ஏற்க மாட்டேன்.